ஐந்து மைல் நிற்காமல்

மர்னாவின் புதுக் காரில் ஸ்டெப்னி கிடையாது என்பது அவள் கணவன் ஆர்லோ ஹாகனுக்கு அந்த வியாழக்கிழமை, சரளைச் சாலையின் நட்டநடுவில்தான் தெரிந்தது. பின்பக்க டயர் சப்பையாகிக் கிடந்தது. டிக்கியின் அடித்தட்டைத் தூக்கிப் பார்த்தால், சக்கரம் இருக்க வேண்டிய பள்ளத்தில் ஓட்டையை அடைக்கும் சீலன்ட் பசைப் புட்டி ஒன்றும் விளையாட்டுச் சாமான் மாதிரி ஒரு காற்றுப் பம்பும் இருந்தன.

"சக்கரம் கேட்டா பால்புட்டி குடுத்திருக்கான்" என்று ஆர்லோ வானத்தைப் பார்த்துச் சொன்னார். சுற்றிலும் புல்லும் வேலியும் தவிர அதைக் கேட்க யாருமில்லை.

அவருடைய பிக்கப் கிளட்ச் போய்க் கொட்டகையில் நின்றது. கிளட்ச் தட்டு வாங்கத்தான் ஊருக்குப் போய்க்கொண்டிருந்தார். அப்படித்தான் மர்னாவிடம் சொல்லியிருந்தார். ஆனால் அவர் போக வேண்டிய இடம் வேறு என்று அவருக்கும் தெரியும், மர்னாவுக்கும் தெரியும்.

ஊருக்குப் போகும் வழியிலேயே, மேட்டின் உச்சியில் டெல்மர் வோஸின் பண்ணை. ஆர்லோவுக்கும் டெல்மருக்கும் நடுவில் ஏழு மைல் பொது வேலி. முப்பது வருடம் அது அறுந்தபோதெல்லாம் இரண்டு பேரும் சேர்ந்துதான் கட்டினார்கள். நாலு வருடத்துக்கு முன்னால், கன்றுகளுக்கு அடையாளச் சூடு போடும் நாளில், அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்கள் எல்லாரும் ஆர்லோ வீட்டில் கூடியிருந்தபோது பேச்சு டெல்மரின் மகனைப் பற்றி வந்தது. பையன் அந்த வாரம்தான் மாடே வேண்டாமென்று, எந்நேரமும் மழை பெய்யும் சியாட்டலுக்குப் போயிருந்தான். ஆர்லோவுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "உங்கூட ஒரே கூரைக்குக் கீழ இருக்கறதுக்கு மழைல நனையலாம்னு போயிட்டான் போல, டெல்மர்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். டெல்மர் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டை பிக்கப்பின் இறக்கிவிட்ட பின்பலகைமேல் வைத்துவிட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த வருடம் சூடு போட அவர் வரவில்லை. இவரும் போகவில்லை. அதற்கு மேல் சண்டை என்று அங்கே எதுவும் தேவையில்லை.

இப்போது டெல்மர் மாட்டையும் நிலத்தையும் விற்றுவிட்டார். சனிக்கிழமை காலை ஐடஹோ மாநிலத்தில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போகிறார். போனால் திரும்பி வரப் போவதில்லை. மூன்று வாரமாக மர்னா நச்சரித்துக்கொண்டிருந்தாள். "போய் ஒரு வார்த்தை மன்னிச்சுக்கோன்னு சொல்லிட்டு வாயேன். நாக்கு என்ன தேஞ்சா போயிடும்?" இவரும் மூன்று வாரமாக "போறேன், போறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

புட்டியின் மேல் ஒட்டியிருந்ததைக் கண்ணாடி போட்டுப் படித்தார். வால்வில் குழாயை மாட்டி மருந்தை ஏற்று. காற்றடி. உடனே கிளம்பு. ஐந்து மைல் நிற்காமல் ஓட்டு, அப்போதுதான் பசை உள்ளே பரவி ஓட்டையை அடைக்கும். ஆர்லோ படித்தபடியே செய்தார். பம்பு காட்டுக் கத்தல் கத்தியது. டயர் எழுந்து நின்றது. கார் கிளம்பியது.

ஒரு மைல்கூட ஆகியிருக்காது. மேட்டின் உச்சியில், தன் கேட்டுக்கு வெளியே டெல்மர் நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் ஏதோ பை. இன்னொரு கையைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினார்.

அந்தப் பக்கத்தில் சாலையோரம் கை தூக்கி நிற்கிறவன் பரம எதிரியானாலும், வண்டியை நிறுத்திவிட்டுத்தான் முறைப்பார்கள். ஆர்லோ நிறுத்தவில்லை. ஐந்து மைல், ஐந்து மைல் என்று முணுமுணுத்துக்கொண்டே, பார்வையை ரோட்டை விட்டு எடுக்காமல் கடந்து போனார். பின்னால் பார்க்கும் கண்ணாடியில் டெல்மரின் கை மெதுவாக இறங்குவது தெரிந்தது.

பாவி மனுஷனுக்கு அப்போது மனசில் வந்தது வருத்தமில்லை. அப்பாடா என்றிருந்தது. நிற்காததற்கு அச்சடித்த காரணம் ஒன்று கைவசம் இருந்தது. அதை நினைத்து நினைத்துப் பிறகு அவர் வெட்கப்பட்டார்.

ஊருக்குள் நுழைந்தபோது மணி ஐந்தரை. ஐந்துக்கெல்லாம் சாத்திவிடும் ரோண்டாவின் டயர் கடை திறந்திருந்தது. அவள் பள்ளிக்கூடத்தில் இவரோடு படித்தவள், வாயாடி. சக்கரத்தைக் கழற்றி டயரைப் பிரித்ததும் வெள்ளைக் கூழ் அவள் ஷூவில் கொட்டியது.

"கர்மம். இந்தப் பசையக் கண்டுபிடிச்சவன் ஒரு நாளாச்சும் இதக் கழுவியிருக்கணும்யா. சின்ன ஆணி. ஓரத்துல கூட இல்ல, நடுவுல. ஒட்டிடலாம்."

"அஞ்சு மைல் நிக்காம ஓட்டணும்னு போட்டிருந்துது" என்றார் ஆர்லோ.

"அதையா அப்படியே செஞ்ச?" ரோண்டா சிரித்தாள். "அது, மருந்த ஏத்திட்டு வண்டிய ஓரமா போட்டுட்டுச் சாப்பிடப் போறவனுக்காக எழுதினதுய்யா. ரெண்டு நிமிஷம் நின்னா ஒண்ணும் ஆயிடாது."

ரோண்டா ஆணியைப் பிடுங்கித் தூர எறிந்தாள்.

"நல்லவேளை டெல்மர் போன் பண்ணினான். இல்லேன்னா நான் அப்பவே சாத்திட்டுப் போயிருப்பேன்."

"டெல்மரா?"

"மேட்டுலேர்ந்து நீ டயர்கிட்ட குந்திட்டிருந்ததப் பாத்திருக்கான். பஞ்சர் ஒட்டற சாமான எடுக்க வீட்டுக்குள்ள ஓடிட்டு வர்றதுக்குள்ள நீ கிளம்பிட்டியாம். 'அவன் ஓட்டை டயரோட வர்றான், கடையத் தொறந்து வை'ன்னான்."

"வேற ஏதாவது சொன்னானா?"

"அவன் என்னிக்கு வேற ஏதாவது சொன்னான்?"

கிளட்ச் தட்டு ஆர்லோவுக்கு மறந்தே போயிற்று. ஜூன் மாத வெயில் இன்னும் சாயவில்லை. இந்த முறை மேட்டில் கார் நின்றது. டெல்மர் முற்றத்தில் டிரெய்லரில் அட்டைப்பெட்டிகளை அடுக்கிக் கயிறு போட்டுக்கொண்டிருந்தார். வீட்டு ஜன்னல்களில் திரை இல்லை.

வழியெல்லாம் ஆர்லோ மன்னிச்சுக்கோ என்று சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் வந்தார். வாயைத் திறந்தபோது வேறு வந்தது.

"அந்தப் புட்டில போட்டிருந்துது, டெல்மர். நிக்கக் கூடாதுன்னு. அஞ்சு மைல்."

டெல்மர் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார். அவசரப்படவில்லை.

"சரி. இன்னிக்கு டயர்ல ஓட்டை" என்றார். "நாலு வருஷமும் ஓட்டையா?"

ஆர்லோ தொப்பியைக் கழற்றினார்.

"இல்ல" என்றார். "உம் பையனப் பத்தி நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. சொன்ன அன்னிக்கே தெரியும். மன்னிச்சுக்கோ, டெல்மர்."

டெல்மர் வேலிப்பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு கையுறையைக் கழற்றிவிட்டுக் கையை நீட்டினார். ஆர்லோ பிடித்துக்கொண்டார். அந்தக் கை முன்னைவிட இளைத்திருந்தது.

"உள்ள வான்னு சொல்லலாம். உக்கார நாற்காலி இல்ல" என்றார் டெல்மர். "காப்பி போடலாம்னா பாத்திரம் அந்த அடிப்பெட்டில இருக்கு." கட்டி முடித்த சுமையைப் பார்த்துவிட்டு, மெதுவாகச் சொன்னார். "நீ வருவியோன்னு நேத்து ராத்திரி வரைக்கும் அத மட்டும் வெளியதான் வெச்சிருந்தேன்."