இரண்டாவது கடிகாரம்

பரங்கிப்பேட்டையில் ஃபர்ஹானாவின் வீட்டுச் சுவரில் இரண்டு கடிகாரங்கள். ஒன்று ஊருக்கு, மற்றது கப்பலில் வேலை பார்க்கும் கணவன் அஃப்சலுக்கு. எந்தத் துறைமுகத்தில் இறங்கினாலும் அவன் ஒரு பிரவுசிங் சென்டரைத் தேடிப் போய் நாலு வரி எழுதுவான். சிதம்பரத்தில் வெண்மதி நடத்தும் சென்டரின் இணையதளத்தில் அது வந்து விழும். கூடவே, அவன் தட்டிய கம்ப்யூட்டரில் மணி என்ன, அது எந்தெந்த ஊர்களின் மணி என்பதும் பதிவாகும். அதைப் பார்த்து வந்து ஃபர்ஹானா முள்ளைத் திருப்பி வைப்பாள். அங்கே சோற்று வேளையானால் இவளும் தட்டை எடுத்து வைப்பாள். பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் வருஷக்கணக்காகத் தனியாகச் சாப்பிட்டுப் பார்த்தவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

2008இல் வெண்மதி ஒரு நல்ல காரியம் செய்தாள். வெளிநாட்டு மணி குழப்புகிறது என்று வருகிறவர்கள் எல்லாம் புலம்ப, டேட்டாபேஸில் இருந்த அத்தனை நேரத்தையும் இந்திய நேரமாக மாற்றி, ஊர் விவரம் இருந்த கட்டத்தையே அழித்துவிட்டாள். எல்லோரும் மெச்சினார்கள். ஃபர்ஹானா மட்டும் சண்டைக்கு வந்தாள்.

“நம்ம மணி எங்க வீட்லயே ஓடுதுக்கா. அவுங்க மணிய எதுக்கு அழிச்சீங்க?”

அழித்ததை மீட்க வழியில்லை என்று வெண்மதி கையைப் பிசைந்தாள். இனி வருவதற்காவது இருக்கட்டும் என்று அந்தக் கட்டத்தை மறுபடி சேர்த்தாள். அடுத்த கடிதம் வரும்வரை இரண்டாவது கடிகாரம் ஏதோ ஒரு பழைய துறைமுகத்தின் மணியிலேயே ஓடிக்கொண்டிருந்தது.

பிறகு ஒருநாள் அஃப்சல் எழுதினான். கப்பல் துபாயில் நிற்கிறதாம், லீவு இல்லையாம், பெருநாளுக்கு வர முடியாதாம். ஃபர்ஹானா வழக்கம்போல எழுத்துக்குக் கீழே ஊர் விவரத்தைப் பார்த்தாள். சென்னை, கொல்கத்தா, மும்பை, டெல்லி என்று இருந்தது. மறுபடியும் மாற்றிவிட்டீர்களா என்று கேட்டாள். வெண்மதி பதிவைத் திறந்து பார்த்தாள். பிறகு திரையைப் பார்த்தபடியே சொன்னாள்.

“நான் ஒண்ணும் மாத்தல ஃபர்ஹானா. அவரு ஒக்காந்த கம்ப்யூட்டர்லயே நம்ம மணிதான் ஓடுது.”

நம் நாட்டில் எந்த ஊராக இருந்தாலும் ரயிலேறினால் வீடு வந்துவிடலாம். அவன் ஏறவில்லை.

வீட்டுக்கு வந்தவள் இரண்டாவது கடிகாரத்தை இறக்கி, முதல் கடிகாரத்தைப் பார்த்து முள்ளைத் திருப்பி, மாட்டினாள். அன்றைக்கு இருவருக்கும் ஒரே சோற்று வேளை. அவளால் தட்டை எடுத்து வைக்க முடியவில்லை.