எட்டுப் புள்ளி

நீச்சல் குளத்தின் டிக்கெட் கவுண்டரில் அவள் வேலைக்குச் சேர்ந்து ஓராண்டு ஆகியிருந்தது. அவளுக்கு முன்னால் அங்கே உட்கார்ந்திருந்தவள் போகும்போது மூன்று விஷயங்களைச் சொல்லிவிட்டுப் போனாள். ஈரக் கையோடு காசு நீட்டுகிறவர்களைத் திட்டக் கூடாது. திங்கட்கிழமை குளம் கழுவுவதற்காக விடுமுறை. மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை ஒரு அம்மா வந்து டிக்கெட் விலை கேட்பார், சொல்லி அனுப்பிவிட வேண்டும்.

அந்த அம்மா சொல்லி வைத்தாற்போல வந்தார். ஐம்பது வயதிருக்கும். தோளில் கனமான பை. கண்ணாடித் துவாரத்தில் குனிந்து, "பெரியவங்க டிக்கெட் எவ்வளவு?" என்று கேட்பார். விலைப் பலகை அவர் தலைக்கு நேர் மேலே தொங்கும். ஆனாலும் கேட்பார். பதிலைக் குறித்துக்கொண்டு போய்விடுவார். ஒரு நாள்கூட டிக்கெட் வாங்கியதில்லை.

குளக்கரையில் விசிலோடு உட்கார்ந்திருக்கும் காவலரை எல்லோரும் 'மீன்' என்றுதான் கூப்பிடுவார்கள். "அந்தம்மா வரித் துறைக்காரங்கக்கா. நம்மள நோட்டம் விடுறாங்க" என்பது மீனின் கணிப்பு.

"போடா. தண்ணின்னா பயம் போல. ஆசை ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். தினம் தினம் வர வெக்கப்பட்டு மாசத்துக்கு ஒரு தடவை வர்றாங்க" என்பது இவளுடைய கணிப்பு.

இந்த ஆண்டு விலை மாறியது. மேலாளர் ஒரு சுற்றறிக்கை ஒட்டினார். 'விலைவாசிக் குறியீட்டு எண் 160லிருந்து 168 ஆக உயர்ந்துள்ளதால், எட்டு சதவீத உயர்வுப்படி டிக்கெட் விலை 50லிருந்து 54 ஆகிறது.' ஒன்றாம் தேதி காலையில் அவளே ஸ்டூல் போட்டு ஏறிப் பலகையில் எண்ணை மாற்றினாள். அன்று முழுக்க வசவு வாங்கினாள். "நாங்க என்ன பன்னீர்லயா குளிக்கிறோம்?" என்று ஒருவர் கேட்டதற்குச் சுற்றறிக்கையைக் கைகாட்டினாள். குறியீட்டு எண் என்றால் என்னவென்று அவளுக்கே தெரியாது.

இரண்டாவது செவ்வாய்க்கிழமை அந்த அம்மா வந்தார்.

"பெரியவங்க டிக்கெட் எவ்வளவு?"

"அம்பத்தி நாலு."

பேனா நின்றது. "ஏன் ஏறுச்சு? விலை மாறினா காரணம் கேட்டு எழுதணும்."

அவள் சுற்றறிக்கையைக் காட்டினாள். அந்த அம்மா மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வாசித்தார். ஒரு தடவைக்கு இரண்டு தடவை வாசித்தார். உதட்டைக் கடித்துக்கொண்டார். பிறகு எழுதிக்கொண்டு கிளம்பப் பார்த்தார்.

"ஏதாவது தப்பா மேடம்?"

"சொல்ற விலையை எழுதுறது என் வேலை. கூட்டு, குறைன்னு சொல்ல எனக்கு அனுமதியில்லம்மா." இரண்டடி போனவர் திரும்பி வந்தார். "அந்தக் குறியீட்டு எண் எங்க புள்ளிவிவர ஆபீஸ்ல இருந்துதான் வருது. அது எப்படின்னு யார் வேணும்னாலும் வந்து கேக்கலாம். தபால் நிலையத்துக்கு எதிர்க் கட்டடம், மூணாவது மாடி."

அன்றிரவு கணவனிடம் சொன்னாள். அவன் மின்சார வேலை பார்க்கிறவன். "உனக்கெதுக்கு ஊர் வம்பு? டிக்கெட்டைக் கிழிச்சோமா, வீட்டுக்கு வந்தோமான்னு இரு" என்றான். ஆனால் கேள்வி ஒன்று மனசில் நுழைந்துவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. திங்கட்கிழமை காலையிலேயே மூன்றாவது மாடியில் போய் நின்றாள்.

ஆபீஸ் என்றால் கோப்புக் குவியலை நினைத்திருந்தாள். அங்கே ஒரு நீள மேஜைமேல் சோப்பு, பற்பசை, குடை, ஒரு ஜோடிச் செருப்பு, நடுவில் தராசு. அந்த அம்மா ஒரு பிஸ்கட் பொட்டலத்தை நிறுத்துக்கொண்டிருந்தார்.

"பாருங்க. போன மாசமும் இதே விலை, இந்த மாசமும் இதே விலை. ஆனா பத்து கிராம் குறைச்சுட்டாங்க. அப்ப இது விலை ஏத்தம்தானே? கடைக்காரர் ஏத்தலன்னு சத்தியம் பண்றார்."

அவளுக்கு அந்த இடம் பிடித்துப்போயிற்று. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"ஒரு குடும்பம் வாங்குற எல்லாத்தையும் ஒரு கூடையில வெச்ச மாதிரி நினைச்சுக்குங்க. வாடகை, பஸ், மருந்து, முடிவெட்டு, எல்லாம். ஆரம்ப வருஷத்துல அந்தக் கூடையோட விலையை நூறுன்னு வெச்சுக்கிட்டோம். போன வருஷம் அதே கூடைக்கு நூத்தறுபது. இந்த வருஷம் நூத்தறுபத்தெட்டு. நான் மாசாமாசம் அதே கடைக்குப் போய் அதே சாமானோட விலையைத்தான் கேக்கணும். அதுல உங்க குளத்து டிக்கெட்டும் ஒண்ணு."

"எங்க டிக்கெட்டா?"

"பொழுதுபோக்குன்னு ஒரு பிரிவு. அதுல ஒரு துளி."

அவள் விரலால் மேஜையில் ஒரு வட்டம் போட்டாள். பிறகு கேட்டாள். "மேடம், உங்க எண்ணைப் பாத்து நாங்க விலை வைக்கிறோம். எங்க விலையைக் கேட்டு நீங்க எண் போடுறீங்க. அப்ப யாரு யாரைப் பாத்து எழுதுறோம்?"

அந்த அம்மா பிஸ்கட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். பக்கத்து மேஜைக்காரரும் எட்டிப் பார்த்தார். "இருபது வருஷமா இங்க இருக்கேன், ஒருத்தரும் இதைக் கேட்டதில்ல. நல்ல வேளை, உங்க பங்கு கடுகளவு. இல்லன்னா ரெண்டு பேரும் ஒருத்தர் வாலை ஒருத்தர் பிடிச்சுட்டுச் சுத்திக்கிட்டே இருப்போம்."

"அப்ப எங்க சுற்றறிக்கை?"

"அதைப் பத்தி நான் பேச மாட்டேன்." ஒரு வெள்ளைத் தாளை அவள் பக்கம் தள்ளினார். "பொதுவா ஒண்ணு கேக்கறேன். நூறுக்கு எட்டு கூடினா எட்டு சதவீதம். நூத்தறுபதுக்கு எட்டு கூடினா?"

அவள் போட்டுப் பார்த்தாள். நூற்றறுபதுக்கு எட்டு. எண்பதுக்கு நாலு. இருபதுக்கு ஒன்று. நூறுக்கு ஐந்து.

"அஞ்சு!" என்று கத்தியேவிட்டாள். ஐம்பதுக்கு ஐந்து சதவீதம் இரண்டரை. டிக்கெட் ஐம்பத்திரண்டரைதான் ஆகியிருக்க வேண்டும். எட்டு என்பது குறியீட்டு எண்ணில் ஏறிய புள்ளி. மேலாளர் அதையே சதவீதமாக எடுத்துவிட்டார்.

மறுநாள் மேலாளர் தாளை வாங்கும்போதே முகத்தைச் சுளித்தார். நல்ல மனிதர், ஆனால் கணக்கில் தன்னை யாரும் அடித்துக்கொள்ள முடியாது என்ற நினைப்பு உள்ளவர். கால்குலேட்டரை எடுத்தார். தட்டினார். அழித்துவிட்டு மறுபடி தட்டினார். மூன்றாவது முறை மெதுவாக, ஒவ்வொரு பொத்தானாக.

"போன ரெண்டு வருஷமும் பழைய மேலாளர் சரியாத்தான் போட்டிருக்கார். நான்தான் கோட்டை விட்டுட்டேன்" என்றார். கொஞ்ச நேரம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "எத்தனை நாளாச்சு?"

"பதினாறு நாள் சார். திங்கட்கிழமை மூணைக் கழிச்சா பதிமூணு."

மூடி மறைத்திருக்கலாம். அவர் மறைக்கவில்லை. பலகை அன்றே மாறியது. கூடுதலாக வாங்கிய ஒன்றரையைத் திருப்பித் தருவதாகவும், பழைய டிக்கெட்டைக் கொண்டுவர வேண்டும் என்றும் அறிவிப்பு வைத்தார். நீச்சல் குளத்து டிக்கெட்டை எவன் பத்திரமாக வைத்திருப்பான்? பாதிப் பேர் கால்சட்டைப் பையில் கூழாகிப்போன உருண்டையைக் காட்டினார்கள். ஒரு தையல்காரர் மட்டும் பிளாஸ்டிக் உறைக்குள் பதினொரு டிக்கெட்டை வரிசையாக அடுக்கிக் கொண்டுவந்து, பதினாறரையை எண்ணி வாங்கிக்கொண்டு, ரசீதும் கேட்டார்.

மற்றவர்களுக்காகச் சனிக்கிழமை காலை இரண்டு மணி நேரம் இலவசம் என்று அறிவித்தார் மேலாளர். ஊரே திரண்டு வந்தது. மீனுக்கு விசில் ஊதி ஊதித் தொண்டை கட்டிக்கொண்டது. "நீ கணக்குப் போட்டே, நான் சாகிறேன்" என்று சைகையில் சொன்னான்.

அத்தோடு முடிந்திருக்கும். மாதக் கடைசியில் சம்பளச் சீட்டு வந்தது. அதைப் பார்த்ததும் அவள் கை தானாகப் பேனாவைத் தேடியது. போன ஆண்டு எட்டாயிரம். இந்த ஆண்டு மூன்று சதவீதம் கூட்டி எட்டாயிரத்து இருநூற்று நாற்பது. உயர்வை அறிவித்த அன்று சந்தோஷப்பட்டு, வீட்டுக்கு இனிப்பு வாங்கிக்கொண்டு போயிருந்தாள். ஆனால் போன ஆண்டு எட்டாயிரத்துக்கு வாங்கிய கூடைக்கு இப்போது எட்டாயிரத்து நானூறு வேண்டும். நூற்றறுபது குறைகிறது. கூட்டிக் கொடுத்தும் குறைந்துபோவது எப்படி என்று அவளுக்கு வியப்பாக இருந்தது. கோபம் பிறகுதான் வந்தது.

மேலாளர் முன்னால் சீட்டை வைத்தாள். "சார், டிக்கெட் மட்டும் குறியீட்டு எண்ணைப் பாத்து ஏறுது. நாங்க ஏறலையே?"

அவர் கால்குலேட்டர் பக்கம் கையைக்கூடக் கொண்டுபோகவில்லை. "உனக்குச் சதவீதம் கத்துக்கொடுத்தது யாரும்மா?" என்று முனகினார். "இது என் கையில இல்ல. எழுதிக் கொடு, மேலே அனுப்புறேன். என் சம்பளத்தையும் சேர்த்து எழுது."

அவள், மீன், துப்புரவு வேலை பார்க்கும் இருவர், மேலாளர் என்று ஐந்து கையெழுத்தோடு மனு போனது. இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. இந்த ஆண்டுக்கு ஒன்றும் செய்வதற்கில்லை. அடுத்த ஆண்டிலிருந்து சம்பள உயர்வு குறியீட்டு எண்ணுக்குக் குறையாமல் இருக்கும். மீன் விசிலை எடுத்து நீளமாக ஊத, குளத்தில் இருந்த அத்தனை பேரும் பதறிக் கரையேறிவிட்டார்கள்.

அவளுக்கும் சந்தோஷம்தான். ஆனால் அதற்குள் வேறொன்று குடைய ஆரம்பித்திருந்தது. வீட்டுச் செலவை அவளே தனியாக எழுதி, போன ஆண்டோடு ஒப்பிட்டிருந்தாள். அவள் வீட்டுக் கூடை ஐந்தல்ல, ஏழு சதவீதம் ஏறியிருந்தது. வாடகையும் பஸ்ஸும்தான் அதில் பெரும் பங்கு.

"நாட்டுக்கு அஞ்சு, நமக்கு மட்டும் எப்படிங்க ஏழு?" என்று கணவனை எழுப்பிக் கேட்டாள்.

"திங்கக்கிழமை போய் அந்தம்மாவையே கேளு. என்னைத் தூங்க விடு" என்று அவன் திரும்பிப் படுத்துக்கொண்டான்.