தொழுகை விட்ட நாள்கள்

ரத்தம் போகிறதா என்று கேட்டால் ஒருத்தியும் வாய் திறக்க மாட்டாள். தொழுகை எத்தனை நாள் விட்டாய் என்று கேட்டுப் பார்க்கட்டுமே இந்த மனிதர்!

ஹஸ்னா இதை வெளியே சொல்லவில்லை. எதிரே அறக்கட்டளை இயக்குநர் வீரராகவன், கருப்பைப் பரிசோதனைக்குப் பெண்கள் ஏன் வருவதில்லை என்ற அவளுடைய ஆய்வறிக்கையைப் புரட்டிக்கொண்டிருந்தார். கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் இரும்புத் தூசி அந்த மேசையையும் விட்டுவைக்கவில்லை.

"பிரமாதம்மா. தலைப்பை மட்டும் மாத்திடு. 'மதம் என்னும் தடை'. டெல்லியில இதான் எடுபடும். அடுத்த ஆய்வுக்கு மாவட்டம் பூரா நீதான் தலைமை."

இந்த நாற்காலிக்காகத்தான் திருமணப் பேச்சுகளைக்கூடத் தள்ளிப்போட்டிருந்தாள். ஆனால் தலைப்பைக் கேட்டதும் பழவேற்காட்டு ஆபிதா மாமிதான் நினைவுக்கு வந்தாள். வெள்ளிக்கிழமைகளில் பெண்கள் பயான் என்னும் மார்க்க உரை கேட்கக் கூடுவது மாமியின் வீட்டில்தான். முதலில் ஹஸ்னா ஆஸ்பத்திரிக் கேள்விகளோடு அங்கே போனபோது, "இன்னாடி இது, படிச்ச பொண்ணு வெக்கமில்லாம கேக்குது!" என்று முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தார்கள்.

மாதவிலக்கு நாள்களில் தொழுகை கிடையாது. பிறகு ஒருநாள் அதை வைத்தே கேள்வியை மாற்றினாள்.

"மாமி, இந்த மாசம் எத்தினி நாளு தொழுகை உட்டீங்க?"

"கணக்கு நாளு முடிஞ்சும் நிக்கலடி. குளிச்சிட்டுத் தொழுதுக்கினுதான் இருக்கேன். உங்க மாமா பக்கத்துல வந்தாலே மறுபடி துணியில படுது."

"மாமாவுக்கு இன்னும் புது மாப்பிள்ளைன்னு நெனப்பு!" என்றாள் ஒருத்தி. கூடம் குலுங்கியது.

ஹஸ்னா மட்டும் சிரிக்கவில்லை. மறுவாரமே மாமியைச் சென்னைக்கு அழைத்துப் போனாள். கருப்பை வாயில் புற்று. ஆரம்பம்தான் என்றார் டாக்டர். மாமி பிழைத்தாள். இப்போது அவளே தெருப் பெண்களைப் பரிசோதனைக்கு இழுத்துக்கொண்டு வருகிறாள். ஆரணிப் பக்கம் போனபோது, "சாமி ரூமுக்கு எத்தனை நாள் போகலை?" என்று கேட்டாள் ஹஸ்னா. அங்கேயும் பேச்சு மடை திறந்தது. தான் கற்ற வித்தையிலேயே இதுதான் பெரியது என்று அவளுக்குத் தெரியும். அந்தப் பெருமையை மறைக்க அவள் எப்போதும் முயன்றதில்லை.

"வெக்கமும் பயமும் இருக்கு சார். அதுக்குத் தனி அத்தியாயமே எழுதியிருக்கேன்," என்றாள். "ஆனா அவங்க என்கிட்ட பேசினதே தொழுகையை வெச்சுத்தான்."

"ஒரு வரிதானேம்மா!" வீரராகவன் பேனாவை நீட்டினார்.

"ஒரு வரிதான் சார்," என்றாள் ஹஸ்னா, குரலை உயர்த்தாமல். "அதை நான் எழுதல."