ரயில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

ஸ்காட்லாந்தில் எங்கள் டண்டீ ஊரின் சணல் ஆலைக்காரிகளிடம் ரகசியம் பேசி யாரும் தப்ப முடியாது. தறிச் சத்தத்தில் எங்களுக்குக் காது போய்விடும்; வாயசைவைப் பார்த்தே பேசிக்கொள்வோம். தெருவின் அந்தக் கோடியிலிருந்து ஒருத்தி என்னை முணுமுணுத்துத் திட்டட்டும், இந்தக் கோடியிலிருந்தே பதிலுக்குக் கிழிப்பேன்.

என் புருஷன் டூகலுக்கும் இது தெரியும். சிறு வயதில் அதே ஆலையில் நின்றவன்தான். பதினெட்டு முடிந்ததும் ஆண்பிள்ளைக் கூலி கொடுக்க வேண்டுமே என்று வெளியே தள்ளிவிட்டார்கள். எங்கள் ஊர் வழக்கம் அது. பாழாய்ப்போன முதலாளிகளுக்குச் சல்லிசாக வரும் பெண்களும் பிள்ளைகளும் போதும். கல்யாணமான பிறகு நான் தறிக்குப் போனேன். அவன் வீட்டில் ஓட்ஸ் கஞ்சி காய்ச்சினான், எங்கள் மகள் மினாவுக்குத் தலை வாரினான்.

"என்ன டூகல், கெட்டில் கொதிச்சாச்சா?" என்று, வீட்டோடு கிடக்கும் ஆம்பளையைச் சீண்டுவாள் பக்கத்துத் தறிக்காரி டீனி.

"உனக்கும் ஒரு கோப்பை ஊத்தி வெச்சிருக்கேன். வாயை மூடிக்கிட்டுக் குடி" என்பான், சிரித்துக்கொண்டே. கதவைச் சாத்தியதும் அந்தச் சிரிப்பு போய்விடும்.

அப்புறம் கல்கத்தாவில் சணல் ஆலைகள் முளைத்தன. அங்கே கூலிகளை மேய்க்க எங்கள் ஊர் ஆண்கள் வேண்டுமாம். இங்கே குப்பை, அங்கே துரை!

"போய்ச் சேர்ந்ததும் உங்க ரெண்டு பேரையும் கூப்பிட்டுக்கிறேன், எப்பி. அங்க உனக்குத் தறியே கிடையாது. உக்காந்து சாப்பிடலாம்" என்றான். நம்பினேன். வேறென்ன செய்ய?

வழியனுப்ப டீனியும் ஆலைப் பெண்களும் ஸ்டேஷனுக்கு வந்திருந்தார்கள். மழை. பெட்டியின் ஜன்னலை ஏற்றி மூடியிருந்தார்கள். எதிரே உட்கார்ந்திருந்த, கம்பெனி ஆள் போலிருந்த தொப்பிக்காரர் டூகலிடம் ஏதோ கேட்டார். அவன் சிரித்தபடி பதில் சொன்னான்.

"குடும்பமா? எனக்கா? நான் ஒண்டிக்கட்டைங்க."

சொல்லிவிட்டு எங்களைப் பார்த்துக் கையும் ஆட்டினான், பாவி! கண்ணாடி இருக்கிற தைரியம். அடுப்படியிலேயே இத்தனை வருஷம் கிடந்தவனுக்கு எங்கள் கண் மறந்துபோயிற்று. அத்தனை பெண்களும் அவன் வாயசைவைப் படித்துவிட்டார்கள். ஒருத்தியும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

மினா என் பாவாடையை இழுத்தாள். "அம்மா, அப்பா என்னமோ சொன்னாரே, என்ன?"

"நம்மளக் கூட்டிட்டுப் போக வருவாராம்."

திரும்பி வரும்போது டீனி மெதுவாக, "வேலைக்காகச் சொல்லியிருப்பான்டி. கல்யாணம் ஆகாதவனாத்தான் தேடுறாங்களாம்" என்றாள்.

"அப்ப அந்தச் சிரிப்பு எதுக்குடி?"

டீனி மினாவின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

ஒரே ஒரு கடிதம் வந்தது. முழுக்க வெயிலைப் பற்றி எழுதியிருந்தான். அப்புறம் அதுவும் இல்லை.

மினா அந்த வாயசைவை விடவில்லை. சாப்பாட்டு ஜெபம் முடிந்ததும் அப்பா அசைத்த மாதிரியே சத்தமில்லாமல் உதட்டை அசைப்பாள். அப்பா வந்து கூட்டிப்போவார் என்ற வாக்கு அது, அவளுக்கு. ஒண்டிக்கட்டை, ஒண்டிக்கட்டை என்று என் பிள்ளை தினமும் என் முகத்துக்கு நேரே சொல்வாள். ஓங்கி அறையத் தோன்றும். கஞ்சியை ஊற்றுவேன்.

பத்து வயதானதும் அவளையும் ஆலைக்கு அனுப்பினேன்; பாதி நாள் பள்ளிக்கூடம், பாதி நாள் தறி. என் ஒரு கூலியில் வாடகை கொடுத்து வயிறு கழுவ முடியவில்லை. கெட்டிக்காரி, சீக்கிரமே வாயசைவைப் பிடித்துக்கொண்டாள். மேஸ்திரியை யார் என்ன சொல்லித் திட்டினார்கள் என்று வீட்டுக்கு வந்து நடித்துக் காட்டுவாள். நானும் சிரிப்பேன். ஆனால் ஜெபம் முடியும்போதெல்லாம் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒரு சனிக்கிழமை, வேலை முடிந்து வந்து மேஜையில் உட்கார்ந்தோம். ஜெபம் முடிந்தது. வழக்கம்போல் அவள் உதடு அசையத் தொடங்கி, பாதியில் நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் குனிந்துகொண்டேன்.

என் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினாள்.

"கஞ்சி ஆறுதும்மா, சாப்பிடு" என்றாள்.