வேலப்பன் மாமாவின் கடைசி ஊர்வலம்

கொருக்குப்பேட்டையில் நாங்கள் நாலு பேரும் கேரம் ஆடும் தெருமுனையைத் தாண்டும்போதெல்லாம் வேலப்பன் மாமா நின்று திட்டிவிட்டுத்தான் போவார். ஹார்பரில் வேலை பார்த்து ரிட்டையரானவர்.

"தண்டச்சோறுங்களா! இந்தத் தெருவுக்கு உங்களால இன்னாடா பிரோஜனம்?"

தெருவில் ஒரு சாவு விழுந்தால் மட்டும் அதே வாய் "நைனா, கண்ணு" என்று குழையும். பந்தல் போடுவது, ஐஸ் பெட்டி இறக்குவது, மூலக்கொத்தளம் சுடுகாடு வரை மேளத்துக்கு ஆடிக்கொண்டே பாடையைத் தூக்கிப் போவது எல்லாம் நாங்கள்தான். மாமா கூடவே நடந்து, எவன் நன்றாக ஆடுகிறான் என்று ரசித்துக்கொண்டு வருவார்.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கார் கம்பெனியில் எங்கள் நாலு பேருக்கும் வேலை கிடைத்தது. முதல் ஜாங்கிரியை மாமாவிடம்தான் கொண்டுபோனோம். இனி என்ன சொல்லித் திட்டுவார் என்று பார்க்க வேண்டுமே!

மாமாவின் முகம் செத்துப்போனது.

"நாலு பேருமாடா?"

"ஆமா மாமா. காலைல வேன் ஏறினா ராத்திரிதான் வூட்டுக்கு" என்றான் தீனா.

"எவன்டா உங்கள வேலைக்குப் போகச் சொன்னது?"

"நீதான்."

"அப்போ என் சாவுக்கு எவன்டா ஆடுவான்?"

எங்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர் சிரிக்கவில்லை. ஜாங்கிரியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார்.

"ஞாயித்துக்கெழம லீவு வுடுவானுங்களா?"

"வுடுவாங்க மாமா."

ஜாங்கிரியை நிம்மதியாகக் கடித்தார்.

"அப்போ சனிக்கெழமயே சொல்லியனுப்பறேன். ஓவர்டைம் கீவர்டைம்னு பூடாதீங்கடா."