லைப் ஜாக்கெட் போட்ட படம்

சங்கரன்கோவிலில் செத்தவர்கள் எல்லோரும் அஞ்சலி பிளெக்ஸில் கோட்டு போட்டிருப்பார்கள். உயிரோடு இருக்கையில் போடாதவருக்கு இசக்கிராஜா தன் பிளெக்ஸ் கடைக் கம்ப்யூட்டரில் போட்டுவிடுவான். சொந்த அண்ணன் சங்கரசுப்புவுக்குத்தான் கை ஓடவில்லை. இருபது வருஷமாகக் கப்பல் இஞ்சின் அறையில் வேலை பார்த்தவர். யாரோ யாருக்கோ விட்ட ஏவுகணை செங்கடலில் அவர் கப்பல்மேல் விழுந்தது. உடல் கிடைக்கவில்லை. இருந்த ஒரே நல்ல படத்தில் ஆரஞ்சு லைப் ஜாக்கெட்டோடு சிரித்தார்.

அந்த ஜாக்கெட்டைத்தான் அண்ணன் பெண்டாட்டி, மதினி முத்துமாரி பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தாள்.

"அதைப் போட்டவுக முங்க மாட்டாகலே. எங்கனயாவது மிதந்துக்கிட்டு இருப்பாக. அஞ்சலின்னு அடிச்சே, கடையைக் கொளுத்திருவேன்."

ஒருநாள் முத்துமாரி கடையில் இருக்கும்போது, அதே கப்பலிலிருந்து தப்பிய சமையல்காரர் சேவியர் தூத்துக்குடியிலிருந்து வந்தார். நாற்காலி போட்டும் உட்காரவில்லை.

"என் ஜாக்கெட் ரூமோட எரிஞ்சு போச்சு தங்கச்சி. எனக்கு நீச்சல் தெரியாது அண்ணாச்சின்னேன். 'எனக்கு மட்டும் தெரியுமாக்கும்'னு சிரிச்சுக்கிட்டே தன்னுதைக் கழட்டி எனக்கு மாட்டிவிட்டாரு. 'தண்ணி ஏறிக் கப்பல் சாஞ்சா படகை இறக்க முடியாதுவே, பம்பை நான் பாத்துக்கிடுதேன்'னு கீழ போனாரு. நாங்க அம்புட்டுப் பேரும் படகுல இறங்குற வரைக்கும் பம்பு ஓடுச்சு."

முத்துமாரி கம்ப்யூட்டர் திரையில் இருந்த படத்தைக் காட்டினாள்.

"ஏலே, அந்த ஜாக்கெட்டை எடுத்துரு."

இசக்கிராஜா அழித்தான். கழுத்துக்குக் கீழே வெறும் வெள்ளையாக நின்றது.

"என்ன சட்டை போட, மதினி?"

"எதையாவது போடு," என்றாள். "மறைவுன்னு தேதியையும் போட்டுரு."