ஈரச் சீருடை

வாஷிங் மெஷின் கதவு திறக்க மறுத்தபோது, அந்த வீட்டில் மருமகளைத் தவிர யாருக்கும் பெரிய வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், சோப்புத் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது அவளுடைய நீலச் சீருடை. பேருந்து ஓட்டுநராக அவளுக்கு அன்றுதான் முதல் நாள். மதிய வண்டி. டெப்போவில் கொடுத்தது ஒரே ஒரு செட், அதிலும் எலி வாடை. சீருடையில்லாமல் வந்தால் சாவி வேறு ஆளுக்குப் போய்விடும் என்று மேற்பார்வையாளர் முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

“மெஷினுக்கே மனசு வரல பாரு, பொம்பளை பஸ் ஓட்டறதுக்கு,” என்றாள் மாமியார்.

“மெஷினுக்கு மனசெல்லாம் இல்ல அத்தை. லாக்குதான் இருக்கு.”

கொழுந்தன் மொபைல் கடை வைத்திருப்பவன். மின்சாரம் பாய்கிற பொருள் எல்லாம் தன் அதிகாரத்துக்கு உட்பட்டது என்று நம்புகிறவன். கைப்பிடியைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தான். தட்டினான். காதை வைத்துக் கேட்டான்.

“போர்டு போச்சு அண்ணி. மெக்கானிக்குக்குச் சொல்லிட்டேன். நாளன்னிக்கு வரானாம்.”

“நாளன்னிக்கு எனக்கு எதுக்குத் தம்பி அவன்? வேலை போயிருக்கும், வீட்டுலதான் இருப்பேன். நானே உட்கார்ந்து கழட்டிக்குவேன்.”

அவள் சுவரில் ஸ்விட்சைப் போட்டாள். மெஷின் முனகியது, சிவப்பு விளக்கு மின்னியது, உள்ளே தண்ணீர் இறங்கத் தொடங்கியது. பாதியில் எல்லாம் அடங்கிப்போனது. திரும்பிப் பார்த்தால் ஸ்விட்ச் அணைந்திருந்தது. மாமனார் முதுகைக் காட்டிக்கொண்டு கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்.

இரும்புக்கடை நடத்தி ஓய்ந்தவர் அவர். எரிகிற விளக்கு கண்ணில் பட்டால் கை தானாக நீளும். ஃபிரிட்ஜையும் விட்டுவைத்ததில்லை, அந்த வீட்டில் ஐஸ் என்பது கேள்விப்பட்ட பொருள். குளிக்கும்போது இருட்டாகிவிட்டால் யாரும் கத்துவதில்லை, சோப்பைத் தடவித் தேடிக்கொள்வார்கள்.

“காலையில துவைச்சிட்டிருக்கும்போதும் நீங்கதான் அணைச்சீங்களா மாமா?”

“சும்மா சிவப்பா மின்னிக்கிட்டு இருந்துச்சு. எரியறதை அணைக்கிறது தப்பா?”

அந்தக் கேள்விக்கு அங்கே இதுவரை யாரும் பதில் சொன்னதில்லை.

“தப்புதான்,” என்றாள் மருமகள். “உள்ள தண்ணி இருக்கிறவரைக்கும் கதவு திறக்காது. தண்ணி போகணும்னா கரண்ட் வேணும். இனிமே இந்த ஸ்விட்சுல கை வைக்காதீங்க.”

மாமியார் கையிலிருந்த கரண்டி அந்தரத்தில் நின்றது. 

வீரம் பேசியாகிவிட்டது. மெஷினோ மசியவில்லை. மறுபடி ஸ்விட்சைப் போட்டபோது கதவுக்குள் டக் டக்கென்று வெறும் சத்தம் வந்ததே தவிர தண்ணீர் இறங்கவில்லை. போட்டு அணைத்ததிலும், கொழுந்தன் இழுத்த இழுப்பிலும் லாக் எங்கோ சிக்கிக்கொண்டிருந்தது. அவள் ஸ்விட்சை அணைத்துப் பிளக்கையும் பிடுங்கினாள். மாமனார் முகத்தில் லேசாக வெற்றிக்களை.

அவளுக்குப் பயிற்சியில் பார்த்த பஸ் கதவு நினைவுக்கு வந்தது. அது இறுகிக்கொண்டால் கையால் திறக்க மேலே ஒரு பிடி உண்டு. தானாகப் பூட்டிக்கொள்கிற எந்தக் கதவுக்கும் செய்தவன் ஒரு கள்ள வழி வைத்திருப்பான். குனிந்து, மெஷினின் கீழ் மூலையிலிருந்த சின்ன மூடியை நெம்பினாள். உள்ளே ஒரு குட்டைக் குழாய், பக்கத்தில் ஆரஞ்சு நிற நாடா.

“அண்ணி, அதைத் தொட்டா வாரண்டி போயிடும்.”

“போகட்டும் தம்பி. நானும் போகணும்ல.”

கதவை விடுவிக்கிற அந்த நாடாவை முதலில் இழுத்தால் வீடே குளமாகிவிடும். குழாயின் அடைப்பைத் திறந்து, தண்ணீரைப் பேசினில் பிடித்துப் பிடித்துக் கொட்டினாள். சொட்டுவது நின்றதும் நாடாவைச் சுண்டி இழுத்தாள். கதவு அடக்கமாகத் திறந்துகொண்டது.

“ஈரத்தோடயா போகப்போறே? நாலு பேர் சிரிப்பாங்க,” என்றாள் மாமியார்.

“சிரிக்கிறவங்க டிக்கெட் எடுத்துட்டுச் சிரிக்கட்டும் அத்தை.”

 மாமியார் கரண்டியை வைத்துவிட்டு வந்து பேன்ட்டின் மறுமுனையைப் பிடித்து முறுக்கினாள். அந்த முறுக்கில், பேன்ட்டுக்குச் சம்பந்தமே இல்லாத கோபம் நிறைய இருந்தது.

டெப்போவில் மேற்பார்வையாளர் அவளை மேலும் கீழும் பார்த்தார். “என்னம்மா இது, சொட்டுது?”

“சீருடை சார்.”

“ஈரமா இருக்கே.”

“சீருடையில வரணும்னுதான் சொன்னீங்க. காஞ்சிருக்கணும்னு சொல்லலையே.”

அவர் தாடையைச் சொறிந்தார். தான் சொன்னதை மனதுக்குள் ஒருமுறை புரட்டிப் பார்த்தார். பிறகு சாவியை மேசைமேல் நகர்த்தினார்.

“சீட்டு நனையும்,” என்றார், போகிறபோக்கில்.

“நனையட்டும் சார்,” என்று சாவியை எடுத்துக்கொண்டு, வண்டியைத் தேடி நடந்தாள்.